காமெடிக் குழுவில் தைரியம் யார் கொடுப்பது?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அந்தோணியார் திருவிழா நாடகங்களில் வருஷக்கணக்காகச் சேர்ந்து நடித்த ஆறு பேர், இப்போது உள்ளூர் கேபிள் சேனலுக்கு வாரம் கால்மணி நேரம் ஒரு நகைச்சுவைத் தொடர் எடுக்கிறார்கள். மேடையில் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கப் பேசுகிற அக்கா ஒருவர், கேமரா முன்னால் வாயடைத்துப் போகிறார். குழுவில் ஒருவருக்கே சிரிப்பெல்லாம் போகிறது, மற்றவர்களுக்கு மனத்தாங்கல். பெரிய டிவி தொடர்களில் நடிப்பவர்கள் மட்டும் எப்படி அவ்வளவு ஒட்டுறவாகத் தெரிகிறார்கள், அது நிஜமா நடிப்பா என்பது அடுத்த கேள்வி. தனியாக ஒரு இயக்குநர் வேண்டுமா என்று வால் போல இன்னொன்றும் ஒட்டியிருக்கிறது.

சென்னையில் தொடர்களில் உதவி இயக்குநராக இருந்துவிட்டு, ஊருக்குத் திரும்பி நாடகம் பழக்கிக்கொண்டிருக்கிறவன் நான். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

சேக்காளியாக இருப்பது வேறு, சேர்ந்து நகைச்சுவை செய்வது வேறு. சின்ன வயதிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்கூட வசனம் பேச நின்றால் ஒருவர் காலை ஒருவர் மிதிப்பார்கள். செட்டுக்கு வெளியே முகம் பார்த்துப் பேசாத இரண்டு பேர், கேமரா ஓடியதும் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன். அவர்களுக்குள் பிரியம் இல்லை. ஆனால் ‘நான் வசனத்தை விட்டால் இவன் எடுப்பான்’ என்ற உறுதி இருந்தது. நகைச்சுவையில் தைரியம் என்பது பெரும்பாலும் இந்த உறுதிதான். அதை நடிகர் வீட்டிலிருந்து கொண்டுவர முடியாது, எதிரே நிற்பவர்தான் தரவேண்டும். உங்களுடைய மூன்று சிக்கலுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள நம்ம குமரி மாவட்டத்துக்காரர்கள் வெகுதூரம் போகவேண்டாம். முத்தாரம்மன் கொடையோ சுடலைமாடன் கொடையோ, அந்தக் கோயில் விழாவில் வில்லுப்பாட்டு நடக்கிற இடத்தில் ஒரு ராத்திரி உட்காருங்கள். கதையையோ புலவரையோ கவனிக்காதீர்கள். அவருக்குப் பக்கத்தில் இருந்து ‘ஆமா’ போடுகிறவரை மட்டும் பாருங்கள். வீசுகோலை வில்லில் அடித்துப் புலவர் ஒரு வரியை விட்டதும், அந்த ஆள் கடைசிச் சொல்லைத் திருப்பிப் பிடிக்கிறார். சில இடத்தில் ஒன்றும் தெரியாதவர் போல ‘அப்பிடியா? பொறவு?’ என்று கேட்கிறார். கூட்டம் கேட்க நினைத்த கேள்வியை அவர் கேட்டுவிடுவதால் கூட்டமும் கதைக்குள் வந்துவிடுகிறது. புலவருக்குத் தொண்டை கட்டினால் பக்கத்தில் இருப்பவர் அடியை எடுத்துக்கொள்வார். வரி மறந்தால் முந்தின வரியை இன்னொரு தடவை இழுத்துப் பாடி அவகாசம் கொடுப்பார். குடம் அடிக்கிறவரும் உடுக்கைக்காரரும் அதற்குள் சேர்ந்துகொள்வார்கள். கூட்டத்துக்குத் தெரியவே தெரியாது. விடிய விடிய ஒரு மனுஷர் தைரியமாகப் பாடுகிறார் என்றால், பக்கத்தில் ‘ஆமா’ இருக்கிறது என்பதுதான் காரணம். அந்த ‘ஆமா’வை ஏனோதானோ என்று போட்டுப் பாருங்கள், எப்பேர்ப்பட்ட புலவரும் பத்து நிமிஷத்தில் கதையை முடிக்கப் பார்ப்பார்.

1908-இல் ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன் இந்த வில்லுப்பாட்டில் தொடங்கி, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழு வழியாக சினிமாவுக்குப் போனவர். பின்னாளில் காந்தி கதையை வில்லுப்பாட்டாகவே நடத்தினார், அதை எழுத சுப்பு ஆறுமுகத்தை சென்னைக்கு அழைத்துக்கொண்டார். சினிமாவிலும் அவர் தனி ஆளாக வரவில்லை. நகைச்சுவைப் பகுதியை அவரே அமைத்து, மனைவி டி.ஏ.மதுரத்தோடும் தனக்குப் பழகிய ஆட்களோடும்தான் செய்தார். அவர்கள் இரண்டு பேர் வரும் காட்சி எது கிடைத்தாலும் போட்டுப் பாருங்கள். கலைவாணர் பேசும்போது மதுரம் அம்மா என்ன செய்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பார். தன் முறை எப்போது வரும் என்று காத்திருக்கிற முகமாகவே இருக்காது. வில்லில் ‘ஆமா’ போடுகிறவருக்கு இருக்கிற அதே முகம்.

அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு வந்திருப்பதைக் கேமரா பயம் என்று சொல்லிவிட்டால் விஷயம் பிடிபடாது. திருவிழா மேடையில் அவருக்கு என்ன கிடைத்தது? ஒரு வசனம் போட்டார், சிரிப்பு வந்தது, அது அடங்கும் வரை இடுப்பில் கை வைத்து நின்றார், அடுத்ததைப் போட்டார். கூட்டம்தான் அவருக்குத் தாளம். செட்டில் அந்தத் தாளத்தை எடுத்துவிட்டோம். வசனம் முடிந்ததும் அமைதி. ‘ஒன் மோர்’ என்று ஒரு குரல். லைட் மாற்றக் கால்மணி நேரம். அப்புறம் அதே வசனத்தை க்ளோஸில், அதாவது முகம் மட்டும் பெரிதாகத் தெரியும் ஷாட்டில், மறுபடி சொல்லச் சொல்கிறோம். எல்லாரும் தெரிகிற மாஸ்டர் ஷாட், ஒருவர் தோளுக்கு மேலிருந்து எடுக்கும் சஜஷன், க்ளோஸ் என்று ஒரே நகைச்சுவையை நாலு தடவை சொல்லும்போது அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று நடிகருக்கே தோன்ற ஆரம்பித்துவிடும். அதற்குமேல் அவர் என்ன செய்வார், குரலை ஏற்றுவார். குரல் ஏறினால் ஒலிப்பதிவாளர் முகம் சுளிப்பார். அதைப் பார்த்ததும் வாய் அடைத்துவிடும்.

இந்தச் சிக்கல் உலகம் முழுக்க உண்டு. அமெரிக்காவில் 1951-இல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ தொடரில், மூன்று ஃபிலிம் கேமராக்களை வைத்துப் பார்வையாளர்கள் முன்னிலையிலேயே படம்பிடித்தார்கள். நாடகம் போலத் தொடர்ச்சியாக நடிக்கலாம், சிரிப்பு உடனே காதில் விழும். பின்னால் வந்த அமெரிக்கத் தொடர் ‘ஃப்ரெண்ட்ஸ்’ வரைக்கும் அந்த முறைதான். சிரிப்பு வராவிட்டால் எழுத்தாளர்கள் அங்கேயே கூடி வசனத்தை மாற்றிக் கொடுப்பார்கள். நம் ஊர்த் தொடர்களில் அந்தப் பழக்கம் கிடையாது. போதாக்குறைக்கு ப்ராம்ப்டிங் வேறு. கேமராவுக்குப் பின்னால் ஒருவர் வசனத்தை வாசிக்க வாசிக்க நடிகர் அதைத் திருப்பிச் சொல்லும் முறை. அழுகைத் தொடருக்கு அது எப்படியோ ஓடிவிடும். நகைச்சுவைக்கு ஆகவே ஆகாது. நடிகரின் காது எதிரே இருப்பவரை விட்டுவிட்டு ப்ராம்ப்ட் குரலுக்குப் போய்விடுகிறது, டைமிங் செத்துவிடுகிறது. நீங்களும் அந்த வழக்கத்தைப் பிடித்திருந்தால் இன்றைக்கே விட்டுவிடுங்கள். வசனம் மனப்பாடம் ஆகாதவர் அன்றைக்கு நடிக்கவேண்டாம், அவ்வளவுதான்.

சிரிப்பு உடனே வந்தாலும் பயம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். ‘ஃப்ரெண்ட்ஸ்’ நடிகர்கள் 2021-இல் மறுபடி ஒன்றுகூடிய நிகழ்ச்சியில் மேத்யூ பெர்ரி ஒன்று சொன்னார். பார்வையாளர்கள் சிரிக்காவிட்டால் செத்தே போய்விடுவேன் போல இருக்கும், ஒவ்வொரு ராத்திரியும் அப்படித்தான் இருந்தது என்று. பத்து வருஷம் பக்கத்தில் நின்று நடித்த லிசா குட்ரோ, இதை நீ எங்களிடம் சொன்னதே இல்லையே என்கிறார். உலகமே அவர்கள் ஆறு பேரின் ஒட்டுறவைக் கொண்டாடியது. அது பொய்யும் இல்லை. அப்படிப்பட்ட குழுவிலும் ஒருத்தரின் பயம் மற்ற ஐந்து பேருக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அதனால் அக்கா வாயைத் திறந்து ‘எனக்கு வெப்ராளமா (படபடப்பா) இருக்கு’ என்று சொல்லிவிட்டார் என்றால், உங்கள் குழு ஏற்கெனவே பாதி தூரம் வந்துவிட்டது. அவரிடம் ‘பயப்படாதீங்க அக்கா’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பயப்படுகிற ஆளுக்கு அதைப் போல எரிச்சல் தருகிற வார்த்தை வேறு கிடையாது.

செய்யவேண்டியது வேலை சம்பந்தப்பட்டது. அவருடைய க்ளோஸ் எடுக்கும்போது அவரோடு பேசுகிற நடிகர் கேமராவுக்குப் பக்கத்தில், கண் பார்வை படும் இடத்தில் நின்று, முழுக் குரலில், முழு நடிப்போடு வசனம் கொடுக்கவேண்டும். அந்த ஷாட்டில் நாம் தெரியமாட்டோம் என்று டீ குடிக்கப் போய்விடுவது பெரிய தொடர்களிலும் நடக்கிற அயோக்கியத்தனம். உதவி இயக்குநர் எழுத்தைப் பார்த்து வசனத்தை ஒப்பிப்பார், இவர் சுவரைப் பார்த்துச் சிரிக்கவேண்டும். ஒரு குழுவில் ஒட்டுறவு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவேண்டுமானால் நான் மதியச் சாப்பாட்டு நேரத்தைப் பார்க்கமாட்டேன். கேமராவுக்கு இந்தப் பக்கம் நிற்கிற ஆள் எப்படி நிற்கிறார் என்று பார்ப்பேன்.

அன்றைய முதல் ஷாட்டை அக்காவின் க்ளோஸில் தொடங்கவேண்டாம். இரண்டு பேரோ மூன்று பேரோ சேர்ந்து வரும் ஷாட்டில், நகைச்சுவை இல்லாத சாதாரண வசனம் ஒன்றை முதலில் கொடுங்கள். கையில் வேலை கொடுங்கள். மீன் கழுவட்டும், முறுக்கு பிழியட்டும், துணி மடிக்கட்டும். கை ஓடினால் வாய் தானாக ஓடும். ஷாட் முடிந்ததும் ஆறு பேரும் ஆளாளுக்குத் திருத்தம் சொல்லாதீர்கள், ஒருவர் மட்டும், ஒரே ஒரு விஷயம் சொல்லவேண்டும். எடுத்ததை உடனே மானிட்டரில் போட்டுக் காட்டுவதும் வேண்டாம். தன் முகத்தைப் பெரிதாகப் பார்த்த பிறகு நடிப்பைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை, தாடையைப் பற்றித்தான் யோசிப்பார்கள்.

ஒத்திகைக்கு ஒரு யோசனை. நாகர்கோவில் வானொலி நிலையம் 1984-இல் தொடங்கியது, நாட்டிலேயே முதல் உள்ளூர் வானொலி அது. வானொலி நாடகத்தில் முகமும் இல்லை, கூட்டமும் இல்லை. எதிராளியின் குரலைக் கேட்டு அதன்மேல் நம் குரலை வைக்கவேண்டும். உங்கள் எபிசோடை ஒரு தடவை அப்படிப் படியுங்கள். வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, நடிக்காமல், கேட்டுக் கேட்டுப் பதில் சொல்லுங்கள். ஃபோனில் பதிவு செய்து போட்டுக் கேட்டால் எங்கே ஒருவர் இன்னொருவர் வார்த்தையின் வாலை வெட்டுகிறார் என்று தெரிந்துவிடும். முக்கால்வாசி ‘டைமிங் பிரச்சினை’ என்பது காது கொடுக்காத பிரச்சினைதான்.

அடுத்தது, ஒருவருக்கே சிரிப்பு போவது. அந்த ஒருவர்மேல் கோபப்படுவதற்கு முன்னால் ஸ்கிரிப்டை எடுத்துப் பாருங்கள். நகைச்சுவை வசனத்தில் பேச்சை எடுத்துக் கொடுக்கிறவர், அதாவது லீட் கொடுக்கிறவர் ஒருவர், அதற்குப் பதிலடியாகக் கவுண்டர் அடிக்கிறவர் ஒருவர். கவுண்டருக்குத்தான் சிரிப்பு வரும். எல்லா லீடும் ஐந்து பேர் வாயில், எல்லா கவுண்டரும் ஒருத்தன் வாயில் என்று எழுதியிருந்தால் மனத்தாங்கல் வராமல் என்ன செய்யும்? உங்கள் குழுவில் எழுதுகிறவரும் அவரேதானா என்று நீங்கள் சொல்லவில்லை. அவராகத்தான் இருக்கும் என்று என் மனசு சொல்கிறது.

ஆனால் லீட் கொடுப்பது குறைந்த வேலை என்கிற எண்ணத்தை முதலில் தலையிலிருந்து எடுக்கவேண்டும். கவுண்டமணி, செந்தில் ஜோடியைப் பற்றிப் பேசும்போது ‘கவுண்டமணி கவுண்டர்’ என்றுதான் ஊர் பேசும். அந்த வாழைப்பழக் காட்சியில் செந்தில் தான் சொல்வதை உண்மையிலேயே நம்புகிற முகத்தோடு நிற்காவிட்டால், கவுண்டமணியின் கோபம் வெறும் கத்தலாகப் போயிருக்கும். செந்தில் ஒரு நொடி முன்னால் லேசாகச் சிரித்திருந்தாலும் காட்சி போச்சு. அடி வாங்குகிறவர், ஏமாறுகிறவர், ஒன்றும் புரியாதவர், இவர்கள்தான் நகைச்சுவையைத் தாங்குகிறார்கள். உங்கள் ஐந்து பேருக்கும் இது புரிந்தால் பாதி வருத்தம் குறையும். மீதி வருத்தம் நியாயமானது, அதற்கு வழி எழுத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு எபிசோடிலும் ஒருவருக்குக் கதையின் நடுவிடம் போகட்டும். கதை சொசைட்டியில் கடன் வாங்குவதாக இருந்தால் இந்த வாரம் மாட்டிக்கொள்வது அவர், அடுத்த வாரம் கல்யாண வீட்டுப் பந்தியில் மாட்டிக்கொள்வது இவர். எல்லா வாரமும் எல்லாருக்கும் சமமாக நாலு வசனம் என்று அளந்து எழுதுவது வேண்டாம், அது ரேஷன் கடை வரிசை போல இருக்கும்.

எடிட்டிங்கிலும் கவனம் வேண்டும். சிரிப்பு வருவது வசனம் சொல்கிறவர் முகத்தில் என்பதைவிட, அதைக் கேட்டவர் முகத்தில்தான் அதிகம். ரியாக்‌ஷன் ஷாட் எடுக்க நேரமில்லை என்று விட்டுவிட்டு, பேசுகிற ஆளையே காட்டிக்கொண்டிருந்தால் அவர் மட்டும்தான் நடிக்கிறார் என்று பார்ப்பவருக்குத் தோன்றும். ஐந்து பேர் உழைப்பு வெட்டப்பட்டுக் கிடக்கும். அதிலிருந்துதான் ‘அவனை மட்டும் காட்டுறாங்க’ என்ற பேச்சு கிளம்பும். அந்தப் பேச்சில் பெரும்பாலும் உண்மையும் இருக்கும்.

‘லொள்ளு சபா’வை எடுத்துக்கொள்ளுங்கள். ராம்பாலா இயக்கி விஜய் டிவியில் வந்தது. சந்தானம் பிறகு பெரிய கதாநாயகன் ஆனார் என்பதால் அதை சந்தானம் நிகழ்ச்சி என்று இன்றைக்குச் சிலர் நினைக்கலாம். அன்றைக்குப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மனோகர் கையை ஆட்டிக்கொண்டு வந்து நின்றாலே ஒரு சிரிப்பு, சாமிநாதன் வாயைத் திறந்தால் இன்னொரு சிரிப்பு. ஆளுக்கொரு மேனரிசம், ஒருவருடையதை இன்னொருவர் தொடமாட்டார். நிகழ்ச்சி முடிந்து எத்தனையோ வருஷம் ஆன பிறகும் அவர்கள் பெயருக்கு முன்னால் ‘லொள்ளு சபா’ ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சந்தானம் தன் படங்களில் அதே ஆட்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார். 2016-இல் அவர் நாயகனாக நடித்த ‘தில்லுக்கு துட்டு’ படத்தை இயக்கியதும் ராம்பாலாதான். இதைப் பழைய பாசம் என்று மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கே நிறுத்தினால் எங்கே எடுப்பார்கள் என்று பழகிய ஆட்களை விட்டுவிட்டுப் புது ஆளுக்குப் போக எந்த நகைச்சுவை நடிகருக்கும் மனசு வராது.

நம் மாவட்டத்தின் மேற்கில் மலையாள சேனல் பார்க்காத வீடு குறைவு, அதனால் ‘மறிமாயம்’ உங்களுக்குப் பழக்கமாக இருக்கும். அரசு அலுவலகங்களைக் கிண்டல் செய்து 2011 முதல் வருகிறது. கதாநாயகன் என்று யாரும் இல்லை. இந்த வாரம் அதிகாரியாக வருகிறவர் அடுத்த வாரம் மனுவோடு வரிசையில் நிற்பார். இரண்டிலும் அவர் பெயர் கோயாதான், அல்லது மண்டோதரிதான். வேடத்தை இப்படிச் சுற்றிவிடுவது ஆறு பேர் குழுவுக்குச் சரியாக வரும். யாரும் நிரந்தர நாயகன் இல்லை, யாரும் நிரந்தர எடுபிடியும் இல்லை. அந்த நடிகர்களே சேர்ந்து 2024-இல் ஒரு சினிமாவும் எடுத்துவிட்டார்கள்.

இனி பணம். இதைப் பேசக் கூச்சப்பட்டால் ஒட்டுறவு என்று பேசுவதே வீண். ‘ஃப்ரெண்ட்ஸ்’ முதல் எபிசோடை இயக்கிய ஜேம்ஸ் பர்ரோஸ், தொடர் ஒளிபரப்பாவதற்கு முன்பே ஆறு பேரையும் லாஸ் வேகஸுக்கு அழைத்துப் போனார். யாருக்கும் அடையாளம் தெரியாமல் நீங்கள் வெளியே நடமாடுவது இதுதான் கடைசித் தடவை என்று சொன்னார். அழகான கதை, எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது 1996-இல் நடந்தது. இரண்டாவது சீசனில் ஆறு பேருக்கும் வேறு வேறு சம்பளம். மூன்றாவது சீசனுக்குமுன் தனித்தனியாகப் பேசினால் டேவிட் ஷ்விம்மருக்கு மற்றவர்களைவிட அதிகம் கிடைத்திருக்கும். அவர்தான் மற்றவர்களைக் கூட்டி, ஆறு பேரும் ஒன்றாகப் பேசுவோம், ஒரே தொகை கேட்போம் என்றார். எபிசோடுக்கு ஆளுக்கு 75,000 டாலர் என்று முடிந்தது. கடைசி இரண்டு சீசனில் அது ஆளுக்குப் பத்து லட்சம் டாலர் ஆனது. அதிகம் கிடைக்க வேண்டியவர் முதலில் விட்டுக்கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள். குறைவாகக் கிடைப்பவர் சமத்துவம் பேசினால் அதைப் பொறாமை என்று ஒதுக்கிவிடுவார்கள்.

உங்களுக்கு டாலர் வரப்போவதில்லை. நகைக்கடை விளம்பரமும் ஜவுளிக்கடை விளம்பரமும் வரும், யூட்யூபில் போட்டால் ஏதோ கொஞ்சம் வரும். வருகிற தொகையில் கேமரா வாடகை, எடிட்டிங், சாப்பாடு, பெட்ரோல் போக மீதி எப்படிப் பிரியும் என்பதை ஒரு தாளில் எழுதி ஆறு பேரும் கையெழுத்து போடுங்கள். ‘நமக்குள்ள என்னடே எழுத்து’ என்று ஒருவர் சொல்வார். அவருக்கும் சேர்த்துத்தான் அந்தத் தாள். டைட்டிலில் யார் பெயர் முதலில், ஃப்ளெக்ஸில் யார் முகம் பெரிது, கடை திறப்பு விழாவுக்கு ஒருவரை மட்டும் கூப்பிட்டால் அந்தப் பணம் யாருக்கு, இவையும் அதில் வரவேண்டும். கடைசியாகச் சொன்னதில்தான் உள்ளூர்க் குழுக்கள் உடைகின்றன. சினிமா வாய்ப்பு வந்து உடைந்த குழுக்கள் குறைவு. கடை திறப்பு விழாவில் போட்ட பொன்னாடையில் உடைந்தவை நிறைய.

செட்டில் சிரித்துவிடுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1967 முதல் 1978 வரை வந்த கேரல் பர்னெட் நகைச்சுவை நிகழ்ச்சியில், டிம் கான்வேக்குக் கூட நடிக்கிற ஹார்வி கோர்மனைச் சிரிக்கவைப்பதே தனி வேலை. அந்தப் பல் டாக்டர் காட்சியில் கோர்மன் அடக்கமுடியாமல் குலுங்குவதை இன்றைக்கும் ஜனங்கள் தேடிப் பார்க்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் ஷாட்டுக்கு ஷாட் சிரிக்கிறார்கள். கோர்மன் சிரிக்காமல் இருக்கப் போராடினார், அதனால்தான் அது வேடிக்கை. வேண்டுமென்றே சிரிப்பது எதிரே வசனம் பேசுகிறவருக்குச் செய்கிற துரோகம். நாலாவது டேக்கில் அவர் முகம் தொங்கிப்போவதைப் பாருங்கள், புரியும்.

கிண்டலுக்கு எல்லை உண்டு. குழுவுக்குள் பழக்கம் கூடக்கூட ஒருவர் உடம்பு, நிறம், பல், வழுக்கை எல்லாம் வசனமாகிவிடும். நம் மாவட்டத்தில் இன்னொன்றும் சேரும், பேச்சு. விளவங்கோட்டுக்காரர் பேசுவதை நாஞ்சில்நாட்டுக்காரர் ‘மலையாளம்’ என்பார், இவர் இழுப்பதை அவர் கேலி செய்வார், கடற்கரை ஊர்ப் பேச்சை இரண்டு பேரும் சேர்ந்து செய்துகாட்டுவார்கள். மூன்றும் அருமையான சரக்கு, விடாதீர்கள். ஆனால் கடற்கரைப் பேச்சைக் கடற்கரைக்காரர் பேசட்டும். மற்றவர் செய்துகாட்டினால் அது பேச்சோடு நிற்காது, சாதிக்குப் போகும், மதத்துக்குப் போகும், அப்புறம் சேனல் ஆபீஸ் வாசலில் ஆள் நிற்கும். உடம்பைப் பற்றிய கிண்டலுக்கு என்னுடைய விதி, அந்த உடம்புக்குச் சொந்தக்காரர் தானே எழுதிக் கொண்டுவந்தால் சரி. மற்றவர் எழுதினால் ஒத்திகையில் அவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்யவேண்டும். ‘அக்கா ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க’ என்று அக்காவைக் கேட்காமலே சொல்கிற பழக்கம்தான் அவர் வாயை அடைத்ததோ என்றுகூட எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நீங்கள் எழுதியதில் அப்படி ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஒருதடவை யோசித்துப் பாருங்கள்.

ஒட்டுறவு நிஜமா நடிப்பா என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. இங்கிலாந்தின் ‘ஃபால்டி டவர்ஸ்’ நகைச்சுவைத் தொடர் மொத்தமே 12 எபிசோடுகள், 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு. எழுதியது ஜான் க்ளீஸும் கோனி பூத்தும். இரண்டு பேரும் அதில் நடித்தார்கள். முதல் ஆறின்போது கணவன் மனைவி. 1978-இல் விவாகரத்து. அதற்குப் பிறகு வெளிவந்த ஆறு எபிசோடுகளில் ஏதாவது குறைகிறதா என்று தேடிப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. வீட்டுக்குள் முறிந்தது வேலையில் முறியவில்லை.

கலைவாணர் கதையில் இரண்டு பக்கமும் இருக்கிறது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 இறுதியில் கைதாகி, 1947-இல் விடுதலையாகும் வரை அவர் உள்ளே இருந்தார். குழுவின் நடுத்தூணே இல்லை. டி.ஏ.மதுரமும் எஸ்.வி.சகஸ்ரநாமமும் என்.எஸ்.கே. நாடக சபாவை விடாமல் நடத்தினார்கள். அதே காலத்தில் கே.ஆர்.ராமசாமி பிரிந்துபோய்த் தனி சபா தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் கிருஷ்ணன் நாடக சபா. பிரிந்துபோனவரும் கலைவாணர் பெயரைத்தான் எடுத்துக்கொண்டு போனார். உங்கள் ஆறு பேரில் யாராவது ஒருநாள் தனியாகப் போவார். போகும்போது சண்டை போட்டுக்கொண்டு போகாதபடி இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

இயக்குநர் விஷயம். தனியாக ஒருவர் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் உங்களுக்குள்ளேயே வாரம் ஒருவர் என்று மாறிக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, அந்த வாரம் இயக்குகிறவர் அந்த எபிசோடில் நடிக்கக்கூடாது, ‘ஓகே’ சொல்கிற வாயும் அவருடையது மட்டும்தான். அவருக்கு மதியத்துக்குமேல் தலைவலி வரும், எல்லாருடைய புலம்பலையும் கேட்கவேண்டியிருக்கும், லைட்டுக்காரர் சாப்பிட்டாரா என்றும் பார்க்கவேண்டியிருக்கும். சிரிப்பெல்லாம் வாங்குகிற அந்தத் தம்பியை முதல் வாரம் அந்த நாற்காலியில் உட்காரவையுங்கள்.